முதுகுப்பக்கம்

பிரசவ அறைக்குள் நகை கூடாது.
வலியோடு வந்து நிற்கிறவளிடம்
முதலில் நான் கேட்டு வாங்குவது அதைத்தான்:
தோடு, வளையல், மெட்டி,
துப்பட்டியில் குத்திய புரோச்சு.
காகிதத்தில் மடித்து, மேலே பேரெழுதி
கூட வந்தவர் கையில் கொடுப்பேன்.

கீழக்கரை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம்.
அப்படித்தான் புரோச்சுகளை
முகம் விட்டு முதுகு பார்க்கப் பழகினேன்.
முகத்தில் மயில் இருக்கும், பிறை இருக்கும்,
கல் விழுந்த பள்ளத்தில் பழைய பவுடர் இருக்கும்.
முதுகில்தான் ஆள் இருப்பார்.
ஈயம் வழிந்த இடம்.
அரம் போட மறந்த ஓரம்.
ஊசி முறிந்து வேறு ஊசி வைத்த தழும்பு.

என்னிடம் இப்போது நாற்பத்தொன்று.
கழித்துப் போட்ட தியேட்டர் பச்சைத் துணியில் குத்தி
அரிசி டிரம்முக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன்.
சபுராளி ஒருவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளித் தாமரை,
முதுகில் யானைத்தலை முத்திரை;
மூன்று வருஷம் தேடியும்
கண்டிப் பக்கத்துப் பட்டறை என்பதோடு நிற்கிறது.
பால்மாவு டின்னில் வெட்டிய நட்சத்திரம்,
பின்னால் இன்னும்
'ஈரமில்லாத கரண்டி' என்பதில் பாதி தெரிகிறது.
ஒன்றையும் நான் குத்திக்கொண்டதில்லை.
யூனிஃபாரத்தில் எங்கே குத்துவது.

மூன்று மீன்கள்தான் தூங்கவிடவில்லை.
மூன்றும் கிளிமீன்,
செம்புக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டிச் செதில் வைத்தவை.
ஒன்று ஏர்வாடிக்காரி விற்றது.
ஒன்று தொண்டிச் சந்தையில்
திருகாணிகளோடு கிடந்தது.
இன்னொன்று, இரட்டைப் பிள்ளையும் பிழைத்த அன்று
ஒருத்தி காகிதத்தைப் பிரித்து என் கையில் வைத்தது.
மூன்றிலும் கொக்கி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.
மூன்றிலும் வாலடியில் மூன்று புள்ளி.

இடதுகைக்காரர் என்று நோட்டில் எழுதினேன்.
முத்திரை: முப்புள்ளி.
ஆண் என்றும் எழுதியிருந்தேன், காரணமில்லாமல்.

விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தது
தங்கச்சிமடத்தில் ஒரு மோட்டார் வைண்டிங் கடை.
பெர்னதெத்து. முழங்கைவரை வார்னிஷ்.
மீனைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.
"இது இன்னுமா இருக்கு?
பழைய டைனமோ கம்பி, நர்ஸம்மா.
ஒரு வாடைக்காத்துல போட்டு கடலுக்குப் போகல,
கையில காசில்ல.
முப்பது முப்பத்தஞ்சு செஞ்சிருப்பேன்."

இடதுகையா என்றேன்.
"சோத்துக்கைதான் எனக்கு எல்லாம்.
அப்ப மூத்தவன் கைப்பிள்ள.
வலப்பக்கத்து இடுப்புலதான் உக்காருவான்,
இந்தப் பக்கம் மாத்துனா கத்துவான்.
என்ன செய்யச் சொல்றீக?"

புள்ளி?
மேசைக்கடியில் தடவி
ஒரு கொறடை எடுத்துப் போட்டாள்.
அதன் வாயில் மூன்று பல் மிச்சம்.

நான் நோட்டைத் திறப்பதற்குள்
மீனைக் கவிழ்த்து
"இந்தக் கொக்கி துணியக் கிழிக்குமே" என்று
நெம்பி எடுத்துவிட்டாள்.
வேண்டாம் என்று நான் வாய் திறக்குமுன்
சால்டரிங் புகை வந்துவிட்டது.
புதுக் கொக்கி. எவர்சில்வர்.
சரியான பக்கம் பார்த்து, நேராக,
யார் செய்ததென்றே தெரியாதபடி.

இருபது ரூபாய் கேட்டாள், கொடுத்தேன்.
பழைய கொக்கியைக் கேட்டேன்.
தரையெல்லாம் கம்பித் துணுக்கு.
இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.
அதற்குள் ஒருவன்
எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான்;
அவள் எழுந்து போனாள்.
நான் இன்னும் கொஞ்சம் தேடினேன்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும்
சன்னல் வழியே காற்று நோட்டைப் பிடுங்கியது.
பறக்கிற தாள்களைச் சேர்த்து
மீனால் குத்தினேன்.
நன்றாகப் பிடித்தது, புதுக் கொக்கி.

செய்தவர் என்ற கட்டத்தில்
இடதுகையை அடித்தேன், ஆணை அடித்தேன்,
அவள் பேரை எழுதினேன்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது:
அந்தப் பையன் பேரைக்
கேட்க மறந்துவிட்டேன்.